ஆயிரத்தெட்டில் சேராத பூ

என் மாமா பொய் சொல்லுகிற ஆள் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லுவார், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி என்பதால் அவர் வாயிலிருந்து எது வந்தாலும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் எடுபட்டது. கதிர்காமத்துக்குப் போகிற வழியில் திஸ்ஸ என்ற ஊரில் கண்ணுக்கு எட்டாத பெரிய குளம் ஒன்று இருக்கிறது, அதில் தாமரை கொட்டிக் கிடக்கிறது, எடுக்க நாதியில்லை என்று ஒரு மழை நாளில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இடுப்பில் சுற்றியிருந்த ஈரச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்த அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சாக்கை உதறிக் கொடியில் போட்டாள். மறுநாள் விடிந்ததும் பார்த்தால், ஆயிரத்தெட்டுத் தாமரைப் பூ கொண்டுவந்து வைப்பதாகக் கதிர்காமத்து முருகனிடம் நேந்துகொண்டு விட்டாள்.

எதற்காக என்று கேட்டேன். "நேந்துக்கிட்டத வெளிய சொன்னா பலிக்காது, போ" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா தோட்டத்து பெக்டரியில் தேயிலைத் தூசிக்குள் வேலை செய்து எப்போதும் இருமிக்கொண்டிருப்பார். அந்த இருமலுக்காகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யோசித்து முடிவு கட்டுவதில் நானும் மாமாவுக்குச் சளைத்தவள் இல்லை.

நேர்த்திக்கடன் விஷயம் லயம் முழுக்கப் பரவியது. நூற்றெட்டு என்றால் பரவாயில்லை, ஆயிரத்தெட்டு என்றால் சும்மாவா? எல்லோரும் தண்ணி பிடிக்கிற பீலியடியில் வைத்துக் கங்காணியின் சம்சாரம் அம்மாவை மடக்கினார். "எட்டுப் பூ வச்சாலே வாங்கிக்கிற சாமிதான். நீ எதுக்குடி இம்புட்டுப் பெரிய வாயி வச்ச? வச்ச வாய்க்குச் செய்யலன்னா சாமி குத்தமுல்ல?" அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "செஞ்சிருவேங்க்கா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து நாங்கள் போகிற இடமெல்லாம் ஆயிரத்தெட்டு என்றுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐம்பதுகளின் நடுவில் அது. ஆடித் திருவிழாவுக்கு எங்கள் டிவிசனிலிருந்து ஒரு லொறி புறப்பட்டது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா, மாமா, நான், பெரியம்மா மகளான அக்கா, கங்காணியின் சம்சாரம், இன்னும் எட்டுப் பத்துப் பெண்கள், நாலைந்து ஆண்கள். அக்கா என்னைவிட இரண்டே வயது மூத்தவள். பன்னிரண்டு வயதில் வேலைக்குப் பேர் பதிந்து, விடியற்காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய்க் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமையை என் முன்னால் காட்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அரிசி, பருப்பு, சட்டி பானை எல்லாவற்றையும் பெண்கள் தங்கள் கொழுந்துக் கூடைகளிலேயே அடுக்கி லொறியில் ஏற்றினார்கள். எங்களுக்கு வேறு பெட்டி ஏது?

பொழுது விடிகிற நேரத்தில் லொறி திஸ்ஸவில் நின்றது. குளிரில் போர்த்தியிருந்த கம்பளியை எல்லோரும் உதறிப் போட்டோம். அப்படி ஒரு சூடான காலையை நான் அதுவரை பார்த்ததில்லை. அதைவிடப் பெரிய அதிசயம், தரை மட்டமாக இருந்தது. எங்கள் ஊரில் ஒரு பந்தை உருட்டினால் அது அடுத்த தோட்டத்தில் போய்த்தான் நிற்கும். இங்கே சாலைக்கு இந்தப் பக்கம் முழுக்க ஒரே உயரத்தில் பச்சைப் புல் நின்றது. இவ்வளவு மானாப்புல்லை எந்தத் துரை வளர்க்கிறார் என்று கேட்டேன். லொறியே சிரித்தது. அதுதான் நெல், அதிலிருந்துதான் சோறு வருகிறது என்று மாமா சொன்னார். தினமும் சோறு தின்கிற எங்களில் பாதிப் பேர் நெல்லை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். சிரித்தவர்களில் சிலர் இறங்கிப் போய்த் தொட்டும் பார்த்தார்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம் உயரமான அணைக்கட்டு. ஏறிப் பார்த்தால் தண்ணீர், தண்ணீர், அக்கரையில் கோடு மாதிரி மரங்கள். இந்தப் பக்கம் மரங்களுக்கு மேலே, வெள்ளை வெளேரென்று புத்தருக்குக் கட்டிய ஒரு பெரிய தாதுகோபுரம். குளத்தையும் கோபுரத்தையும் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ராசாக்கள் கட்டினார்கள் என்று மாமா விளக்கினார். இதை அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று பிற்பாடு பாடப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா கோபுரத்தைப் பார்க்கவில்லை. காலால் அணைக்கட்டை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள்.

"எத்தன கூட மண்ணு சொமந்திருப்பாளுக" என்றாள்.

கரை ஓரமாகத் தாமரை இருந்தது. அந்த அளவில் மாமா சொன்னது உண்மை. எடுக்க நாதியில்லை என்பதுதான் பொய்யாகிவிட்டது. ஒரு சின்னத் தோணியில் சிங்களப் பெரியவர் ஒருவர் தனியாகப் பூ எடுத்துக்கொண்டிருந்தார். மாமா தன் சிங்களத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு அவரிடம் போய்ப் பேசினார். திரும்பி வரும்போது அவர் முகம் நன்றாக இல்லை. அன்று பௌர்ணமி. கரையோரப் பூவெல்லாம் பரம்பரையாகத் தாதுகோபுரத்துக்கு உரியது. உச்சிப் பூசைக்குள் ஆயிரம் பூ அவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூட எடுக்கிற இரண்டு மகன்களும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். தன் ஆயிரத்துக்கே வழி தெரியாமல் நிற்கிற மனுசன், எங்களுக்கு எங்கே கொடுப்பார்?

லொறிக்காரரோ நடுப்பகலுக்கு மேல் ஒரு நிமிடம் நிற்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் கதிர்காமத்தில் கடைசி ஊர்வலம். கங்காணியின் சம்சாரம் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதற்கு வாய் விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் விளிம்பு வரை இறங்கிப் போனாள். அவளுக்கு ஐந்தாறு சிங்களச் சொல்தான் தெரியும். தன்னையும் மற்றப் பெண்களையும் காட்டி, "மாத்தயா, தளு புளுவன். மல் புளுவன்" என்றாள். ஐயா, கொழுந்து எடுக்க முடியும், பூவும் எடுக்க முடியும் என்று அர்த்தம். பிறகு மாமாவைப் பார்த்து, "அவரு ஆயிரத்த மொதல்ல எடுத்துக் குடுத்துர்றோம். பெறகு நமக்கு எடுத்துக்கலாமான்னு கேளு" என்றாள்.

பெரியவர் எங்கள் பெண்களை ஏற இறங்கப் பார்த்தார். முழங்கால் தண்ணீரைக்கூடக் காணாத மலைக்காரிகள். ஆனாலும் தலையாட்டினார். அக்கரையைக் கையால் காட்டி மாமாவிடம் என்னவோ எச்சரித்தார். அதில் கிம்புலா என்ற சொல் எனக்குக் கேட்டது. எங்கள் டவுனான தலவாக்கலையில் கடைகளில் விற்கிற சீனி போட்ட நீளமான பணிஸ் ரொட்டிக்கு அதுதான் பெயர். அந்தப் பக்கம் பணிஸ் கடை இருக்கிறது என்று எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அவர் என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டாள். மாமா எச்சிலை விழுங்கிவிட்டு, "கரைய ஒட்டியே நிக்கச் சொல்றாரு. அங்கிட்டுப் பூ அவ்வளவு நல்லால்லையாம்" என்றார். சொல்லிவிட்டு அணைக்கட்டின் உச்சியில் போய் நின்றுகொண்டார். கிம்புலா என்றால் முதலை என்று எங்கள் கூட்டத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அம்மாதான் முதலில் இறங்கினாள். முழங்கால் வரை தண்ணீர். ஒரு மொட்டைப் பிடித்துப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒடித்தாள். ஒடித்த கை தானாகத் தோளுக்கு மேலே போய்ப் பூவைப் பின்னால் போட்டது. முதுகில் கூடை இல்லை. பூ தண்ணீரில் விழுந்து மிதந்தது. இரண்டாவது பூவும் அதே மாதிரி. மூன்றாவதை வீசிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். இதற்குள் மற்றப் பெண்களும் இறங்கி, ஆளுக்கு இரண்டு மூன்று பூவைக் குளத்துக்கே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். பெரியவர் சிரித்த சிரிப்பில் தோணி கவிழப் பார்த்தது. அம்மாவும் சிரித்துவிட்டாள். "இந்தக் கைய இனிமே திருத்த முடியாது. கூடையக் கொண்டாங்கடி" என்றாள்.

சட்டி பானையெல்லாம் அணைக்கட்டில் இறங்கியது. கூடைகள் முதுகில் ஏறின, கயிறு நெற்றியில் பதிந்தது. அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! மலையில் நிரை பிடிக்கிற மாதிரி அம்மா ஆளுக்கு ஒரு வரிசை பிரித்துக் கொடுத்தாள். இருபது கைகள் ஒரே தாளத்தில் போய் வந்தன. பூக்காம்பில் முள் உண்டு, கையைக் கிழிக்கும். வருடம் முழுக்கத் தேயிலைச் செடியில் கிழிபடுகிற கைகளுக்கு அது ஒரு பொருட்டா? மாமா மேலே நின்று, யாரும் கேட்காமலே, விரிஞ்சத விடு, மொட்டா எடு என்று கங்காணி வேலை பார்த்தார்.

நானும் ஒரு கூடையைத் தூக்கினேன். அக்கா ஏற்கெனவே தண்ணீருக்குள் நின்று என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். அம்மா கரையேறி வந்து என் கையிலிருந்து கூடையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ எண்ணு."

"அக்கா மட்டும் எடுக்குறா."

"அக்கா எடுக்கட்டும். நீதான் பள்ளிக்கூடத்துல எண்ணுறதுல மொதல் ஆளாமே. எண்ணு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இது புதிதல்ல. லீவு நாட்களில் எல்லாப் பிள்ளைகளும் தாய்மாரோடு மலைக்குப் போய்க் கைக்கொழுந்து எடுத்துக் கூடையில் போடுவார்கள். என்னை மட்டும் அம்மா ஒரு இலை தொட விட்டதில்லை. என் கை எதற்கும் லாயக்கில்லாத கை என்று அம்மா நினைக்கிறாள் என்றே நான் நம்பியிருந்தேன். இப்போது சாமி காரியத்திலும் அப்படியா? மூக்கைச் சிந்திக்கொண்டு, பையிலிருந்த சோக்குக் கட்டியால் லொறியின் பக்கப் பலகையில் பத்துப் பூவுக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தேன்.

வெயில் ஏறுவதற்குள் பெரியவரின் ஆயிரம் முடிந்தது. அவர் நம்பாமல் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. அம்மாவின் கையைக் காட்டி அவர் நிறையப் பேசினார். அதில் மெஷின் என்ற சொல் மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. பிறகு அவரே எங்கள் பங்குக்கு எடுக்கத் தொடங்கினார். சாலையில் போன யாத்திரைக்காரர்கள் அணைக்கட்டில் ஏறி வேடிக்கை பார்த்தார்கள். அதுவரை கரையில் உட்கார்ந்திருந்த கங்காணியின் சம்சாரத்துக்கு அதற்கு மேல் இருப்புக்கொள்ளவில்லை. கொழுந்து எடுப்பதை விட்டுப் பத்து வருடமாயிற்று என்று சொல்லிக்கொண்டே தண்ணீரில் இறங்கினார். இறங்கியவர் பக்கத்து நிரைக்காரியை ஐந்து நிமிடத்தில் முந்திவிட்டார்.

எண்ணூறு, தொள்ளாயிரம். லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். ஆயிரம். பெண்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். கடைசிக் கூடையையும் கொட்டி எண்ணினேன். ஆயிரத்தேழு.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். நான் மெதுவாகத் தண்ணீர் விளிம்புக்குப் போய், எட்டுகிற தூரத்தில் மிச்சமிருந்த ஒரே மொட்டைப் பிடித்து இழுத்தேன். ஒடிக்கத் தெரியாததால் அது காம்பும் சேறுமாக ஒரு முழ நீளத்துக்குப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பாவாடையில் துடைத்துக் குவியலில் செருகிவிட்டு, ஆயிரத்தெட்டு என்று தொண்டை கிழியக் கத்தினேன். அரோகரா என்று பெண்கள் கத்தினார்கள். கங்காணியின் சம்சாரம் அம்மாவைக் கட்டிக்கொண்டார். என் கையும் இதில் இருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து பூக்களைக் கூடையில் அடுக்கினாள். ஒரு பூவில் கை நின்றது. மற்றதெல்லாம் விரலால் ஒடித்த காம்பு, ஒரே நீளம். இது மட்டும் நார் தொங்கிக்கொண்டு நீண்டது.

"இது யாரு எடுத்தது?"

"நான்தான்" என்றேன். பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

அம்மா திட்டவில்லை. அந்தப் பூவைத் தனியாக எடுத்தாள். "ஒன் கை எடுத்தது இதுல சேரக்கூடாது" என்றாள். தோணிக்குப் போய்ப் பெரியவரிடம் அதைக் கொடுத்து, கோபுரத்தைக் காட்டிக் கும்பிட்டுக் காட்டினாள். பிறகு திரும்பி, கூடையில்லாமல் நேரே தண்ணீருக்குள் நடந்தாள்.

கரையோரத்தில் ஒரு மொட்டு மிச்சமில்லை. முழங்கால் இடுப்பானது. ஹோர்ன் விடாமல் அடித்தது. பெரியவர் தோணியிலிருந்து என்னவோ கத்தினார். மாமா அணைக்கட்டிலிருந்து ஓடிவந்தார். "அக்கா, போகாத. வேணாம். முதல இருக்கு அக்கா, முதல" என்றார். அப்போதுதான் கரையிலிருந்த பத்துப் பெண்களுக்கும் காலையிலிருந்து தாங்கள் நின்ற இடம் எது என்று தெரிந்தது. எல்லோரும் விளிம்பிலிருந்து பின்னால் நகர்ந்தார்கள். நான் அழுவதற்குக்கூட மறந்து நின்றேன். அம்மா நின்று திரும்பி, தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். நெஞ்சு வரை தண்ணீர். கையை நீட்டி மொட்டை ஒடித்தாள். ஒடித்தவள், பாழாய்ப்போன பழக்கம், அதைத் தோளுக்கு மேலே பின்னால் வீசிவிட்டாள்.

பூ மாமாவின் முன்னால் போய் விழுந்தது. ஏனென்றால் மாமா அதற்குள் வேட்டியோடு தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு ஆழத்தில் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நடுங்கிக்கொண்டேதான் நின்றார், ஆனால் நின்றார். பூவை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அம்மாவை இழுத்துக்கொண்டு கரையேறினார். அன்றைக்கு எங்கள் பெண்கள் போட்ட குலவையைக் கேட்டு முதலைகள்தான் பயந்திருக்கும்.

கதிர்காமத்துக்குள் நாங்கள் போன மாதிரி அந்த வருடம் ஒருவரும் போயிருக்க மாட்டார்கள். பத்துப் பெண்கள், நெற்றியில் கயிறு, முதுகில் கொழுந்துக் கூடை, கூடை நிறையத் தாமரை. முன்னால் அம்மா. கூட்டம் தானாக விலகி வழி விட்டது. யார் இவர்கள், எந்த ஊர் என்று கேட்டார்கள். கங்காணியின் சம்சாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தலவாக்கலப் பக்கமுங்க. கொழுந்து எடுக்கிற ஆளுக" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே நடந்தார். பூசை செய்கிற கப்புறாளை அத்தனை பூவையும் வாங்கி வைக்க இடமில்லாமல் திணறினார். சாமியை மறைத்துத் தொங்கிய திரை அசைந்தபோது அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து, சத்தம் போட்டு அழுதாள். ஆயிரம் தொண்டைகள் அரோகரா என்று கத்தின. நான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். என் பூவை வேண்டாம் என்று சொன்ன சாமியை நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? ஊர் திரும்பும் வரை அம்மாவோடு நான் பேசவில்லை.

அப்பாவின் இருமல் குறையவில்லை. ஆயிரத்தெட்டும் வீண்தான் என்று மனதுக்குள் கருவிக்கொண்டேன்.

இரண்டு வருடம் போயிற்று. எனக்குப் பன்னிரண்டு முடிந்த மாதத்தில் ஒரு சாயங்காலம் கங்காணி எங்கள் காம்பரா வாசலுக்கு வந்தார். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். வெளியே பேசியது நன்றாகக் கேட்டது.

"புள்ளைக்கு வயசு வந்துருச்சுல்ல. பேரப் பதிஞ்சிரலாம். திங்கக்கெழம பெரட்டுக்கு அனுப்பிவிடு."

"அது நேந்துவிட்ட கைங்க, கங்காணி" என்றாள் அம்மா. "கதிர்காமத்தானுக்கு எழுதி வச்சாச்சு. கூடைக்கு ஆகாது."

நேந்துவிட்ட ஆட்டையே எங்கள் தோட்டத்தில் ஒருவரும் தொட மாட்டார்கள். கங்காணி என்ன செய்வார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போனார். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்திருந்ததால், நான் அதற்கு முந்திய வருடமே நாலு மைல் நடந்து தலவாக்கலைக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் டீச்சராக எத்தனையோ வருடம் சோக்குக் கட்டி பிடித்தேன். இந்தக் கை இன்று வரை ஒரு கொழுந்து ஒடித்ததில்லை. ஒரே ஒரு தாமரை பிடுங்கியது, அது புத்தருக்குப் போய்விட்டது.

அன்று கதிர்காமத்தில் அத்தனை பேரும் தொண்டை கிழிய முருகனைக் கூப்பிட்டார்கள். அந்த ஆயிரத்தெட்டும் யார் கைக்காகவோ, அவள் ஒருத்திதான் கூப்பிடாமல் உம்மென்று நின்றாள்.